காட்டு வான்கோழி: 14 நாள் கண்டம்

அமெரிக்காவின் காட்டு வான்கோழியைப் பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வகைச் செய்திகள் சில ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைன் போன்ற ஊர்களில் வான்கோழிகள் கூட்டமாகத் தெருவில் நடக்கின்றன, கார்க் கதவில் தெரியும் தங்கள் பிம்பத்தைக் கொத்துகின்றன, நடந்து போகிறவர்களை விரட்டுகின்றன. இது ஒரு வகை. இன்னொரு வகைச் செய்தி ஜார்ஜியா, அலபாமா, டென்னசி போன்ற தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே வான்கோழி குறைந்துவிட்டது என்று சொல்லி வேட்டை விதிகளை இறுக்குகிறார்கள். ஒரு வேட்டைக்காரர் ஒரு பருவத்துக்கு மூன்று சேவல் சுடலாம் என்றிருந்ததை ஜார்ஜியா 2022இல் இரண்டாகக் குறைத்தது.

தெருவில் இறங்கித் தகராறு செய்கிற அளவுக்குப் பெருத்த பறவை, குறைகிறது என்றால் எப்படி? இரண்டு செய்தியும் உண்மைதான். ஓர் ஊரில் வான்கோழி பெருகுமா குறையுமா என்பதில் வளர்ந்த பறவைகளை எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி, மே முதல் ஜூலை வரையிலான சில வாரங்களில் தரையில் என்ன நடக்கிறது என்பது. கூடு தப்புகிறதா? பொரித்த குஞ்சு முதல் 14 நாளைத் தாண்டுகிறதா? இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில், எந்த வான்கோழி?

நம் ஊர்ப் பண்ணைகளில் வளர்கிற வான்கோழியின் காட்டு மூலம்தான் இது. கோழி, மயில், காடை, கௌதாரி எல்லாம் அடங்கிய அதே குடும்பம். மெக்சிகோவில் பழங்காலத்திலேயே வீட்டுப் பறவையாக்கப்பட்டு, ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் பிறகு உலகெங்கும் போனது. காட்டில் இருக்கும் உறவினருக்கு அமெரிக்காவில் ஐந்து துணையினங்கள் உண்டு. அவற்றில் அதிகம் பரவியிருப்பதும், இப்போது பேசப்படுவதும் கிழக்குப் பகுதிக் காட்டு வான்கோழி. வளர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ, பெட்டை 4 முதல் 5 கிலோ. பண்ணை வான்கோழியைப் போல அசைந்து அசைந்து நடக்கிற பறவை இல்லை. நன்றாக ஓடும், பறக்கும், இரவில் மரத்தில் ஏறித்தான் தூங்கும். கடைசியாகச் சொன்ன இந்தப் பழக்கம் பின்னால் முக்கியமாக வரும்.

ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போய் வந்த பறவை

காடு வெட்டியதாலும் கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவை கிட்டத்தட்ட முடிந்துபோனது. முன்பு அது வாழ்ந்த 39 மாநிலங்களில் 18இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851லேயே கடைசிப் பறவை போய்விட்டது.

மீட்க நினைத்தவர்கள் முதலில் செய்தது, நமக்கும் உடனே தோன்றுகிற வழிதான்: முட்டைகளை இன்குபேட்டரில் பொரித்து, கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டுவிடுவது. பல ஆண்டுகள், பல மாநிலங்களில், பெரும் எண்ணிக்கையில் விட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் வீணாயிற்று. இந்தத் தோல்விக்குள் கட்டுரையின் மையமே இருக்கிறது. குஞ்சு எதைக் கண்டு ஒளிய வேண்டும், எங்கே பூச்சி இருக்கும், எந்தக் குரலுக்கு உறைந்து நிற்க வேண்டும் என்பதைத் தாயின் பின்னால் நடந்துதான் கற்கிறது. கூண்டில் வளர்ந்த பெட்டைக்குத் தாய் இல்லை. அதனால் தன் குஞ்சுக்குச் சொல்லித்தரவும் அதனிடம் ஒன்றும் இல்லை.

1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலையை வைத்துக் காட்டு வான்கோழிகளைப் பிடித்ததுதான் திருப்புமுனை. தரையில் இரை தூவி, பறவைகள் கூடியதும் வெடிமருந்தால் வலையை அவற்றின் மேல் பாயவைப்பது அந்த முறை. இப்படி உயிரோடு பிடித்த காட்டுப் பறவைகளை, இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1972-73இல் நியூயார்க்கில் பிடித்த வெறும் 37 பறவைகளை மாசசூசெட்ஸின் மேற்கு மலைப்பகுதியில் விட்டார்கள். பாஸ்டன் பக்கத்தில் இன்று ஆட்களை விரட்டுகிற கூட்டங்களுக்கு மூலம் அந்த 37தான்.

2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. அதன்பிறகு 60 லட்சம் அளவுக்கு இறங்கியது. இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தென்கிழக்கில்தான் அடி பலமாக விழுந்தது.

சேவலின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்

பகல் பொழுது நீள ஆரம்பித்ததும் சேவல்களுக்குள் பருவம் தொடங்குகிறது. தெற்கே பிப்ரவரி கடைசி, மார்ச், வடக்கே ஏப்ரல். விடியலில் மரக்கிளையிலிருந்தே 'கொப்ளொப்ளொப்' என்று கூவும். கீழே இறங்கியதும் வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசியபடி நடக்கும். தலையின் வெற்றுத் தோல் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக மாறும். மூக்கின்மேல் தொங்கும் சதைக்குழல் நீளும். அந்தக் குழல் நீளமாக இருக்கிற சேவலையே பெட்டைகள் விரும்புகின்றன என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியது என்று நாம் கேலி செய்கிறோம். இது ஆடுவது சொந்த ஆட்டம், அமெரிக்கக் காட்டில் அது பார்த்துக் கற்க மயிலே கிடையாது.

இன்னொரு வேடிக்கை, அண்ணன் தம்பிச் சேவல்கள் கூட்டாகச் சேர்ந்து ஆடுவது. இரண்டு மூன்று சகோதரர்கள் ஒரே பெட்டைக்கூட்டத்தின் முன் விசிறி விரித்து நிற்கும். ஆனால் இணை சேர்வது அவற்றில் ஆதிக்கம் செலுத்துகிற ஒன்று மட்டும். மற்றவை ஏன் உழைக்கின்றன? கலிஃபோர்னியாவில் ஆலன் கிராகவர் மரபணு ஆய்வு செய்து 2005இல் இதற்குப் பதில் சொன்னார். துணைநிற்கிற தம்பிக்குச் சொந்தக் குஞ்சு இல்லை. ஆனால் துணையோடு ஆடுகிற அண்ணனுக்குத் தனியாக ஆடுகிற சேவலைவிட அதிகக் குஞ்சுகள் பிறக்கின்றன. இரத்த உறவுக் கணக்கில் அந்த லாபம் தம்பிக்கும் வந்து சேர்கிறது.

ஒரு சேவல் பல பெட்டைகளுடன் சேரும். சேர்ந்தபிறகு அதற்கு வேலை இல்லை. கூடு கட்டுவதிலோ அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அது தலைகாட்டாது. பெட்டையின் உடலில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்குழாய்கள் இருப்பதால், ஒருமுறை சேர்ந்தால் பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டை இட முடியும். முட்டைகளில் 90 சதவீதத்துக்கு மேல் கருவுற்றவைதான். கூமுட்டை அபூர்வம். ஆகவே சேவல் பற்றாக்குறையால் இனம் குறைகிறது என்ற எளிய விளக்கம் பெரும்பாலும் பொருந்தாது.

முட்டை முதல் பொரிப்பு வரை

இனி வரும் எல்லாம் பெட்டையின் பாடு. படிப்படியாகப் பார்த்தால்:

1. கூடு என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புதர் ஓரம், மர அடி, விழுந்த கிளைகளுக்கு இடையே, உயர்ந்த புல்லுக்குள் தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் உதிர்ந்த இலைகள்.

2. ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக 10 முதல் 12 முட்டைகள் இடுகிறது. இதற்கே இரண்டு வாரம் ஆகும். இந்த நாட்களில் முட்டை இடும் நேரம் தவிர கூட்டில் உட்காருவதில்லை.

3. கடைசி முட்டைகள் விழும் சமயத்தில்தான் அடைக்கு உட்காருகிறது. அதனால்தான் முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் ஒரே நாளில் பொரிக்கின்றன. எல்லாக் குஞ்சும் ஒன்றாகப் புறப்பட வேண்டிய பறவைக்கு இது அவசியம்.

4. அடை 26 முதல் 28 நாள். நாளுக்கு ஒருமுறை போல எழுந்து போய்த் தின்று குடித்துவிட்டுத் திரும்பும். மற்ற நேரமெல்லாம், இரவிலும்கூட, தரையிலேயே உட்கார்ந்திருக்கும்.

5. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கும். தாய் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். வெளியே வருமுன்பே தாயின் குரல் குஞ்சுக்குப் பழகிவிடுகிறது.

முட்டையிடுவதும் அடையும் சேர்ந்து ஏறத்தாழ 40 நாள். அத்தனை நாளும் ஒரே இடத்தில், தரை மட்டத்தில், 10 முட்டைக்கு மேல் உணவு காத்திருக்கிறது. அதைத் தின்ன விரும்புகிறவர்கள் பட்டியல் நீளம்: ரக்கூன் (இரவில் இரைதேடும், பூனையைவிடச் சற்றுப் பெரிய விலங்கு), ஒப்போசம், ஸ்கங்க், நரி, கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய நாய் இன விலங்கு), காகம், சாரைப்பாம்பு வகைகள். இவற்றில் பலவற்றுக்கு முட்டை மட்டும் போதும். பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் கயோட்டியும் பெரிய கொம்பு ஆந்தையும் தாயையே தூக்குகின்றன. வளர்ந்த பெட்டைகள் ஆண்டிலேயே அதிகமாகச் சாவது அடைகாக்கிற இந்த நாட்களில்தான்.

மழையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நனைந்த இறகின் வாசனை உலர்ந்ததைவிடத் தூரம் போகும். மோப்பத்தை நம்பி இரவில் அலைகிற விலங்குக்கு அது வழிகாட்டிப் பலகை. மழை அதிகமான வசந்தங்களில் கூடுகள் அதிகம் பறிபோவதைப் பார்த்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது.

தென்கிழக்கில் அண்மை ஆண்டுகளில் செய்த ஆய்வுகளில், அடைக்கு உட்கார்ந்த கூடுகளில் பொரித்தவை பல இடங்களில் நான்கில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கின்றன. முதல் கூடு போனால் பெட்டை மறுபடி முட்டையிடும். சீக்கிரமே இழந்தால் மறுமுயற்சிக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டாவது முறை முட்டை குறையும், பருவமும் பிந்தும். ஓர் ஆண்டில் ஒரு பெட்டை வளர்த்து முடிப்பது ஒரே ஒரு குஞ்சுக்கூட்டம்தான்.

14 நாள்

பொரித்த 24 மணி நேரத்துக்குள் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூட்டைவிட்டுப் போய்விடும். திரும்பி வராது. கோழிக்குஞ்சு மாதிரி இவையும் கண் திறந்து, தூவியோடு, நடக்கத் தெரிந்தே பிறக்கின்றன. ஆனால் பறக்கத் தெரியாது. தாழ்ந்த கிளைக்கு எழும்பும் அளவுக்கு இறக்கை முளைக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

அதாவது, மரத்தில் தூங்குகிற பறவை இந்த இரண்டு வாரமும் தரையில்தான் படுத்தாக வேண்டும். தாய் இறக்கையைச் சற்று விரித்து உட்காரும். அடியில் பத்துக் குஞ்சு. ஒரு ரக்கூன் வந்தால் தாய் பறந்து தப்பலாம், குஞ்சால் முடியாது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், பொரித்த குஞ்சுகளில் பாதிக்கு மேல், பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, இந்த 14 நாளிலேயே போய்விடுகின்றன. நம் ஊரில் ஜோசியர் சொல்கிற கண்டம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தாண்டிவிட்ட குஞ்சு பிழைக்கிற வாய்ப்பு சட்டென்று கூடிவிடுகிறது. மரத்தில் ஏறிப் படுக்கிற முதல் இரவுதான் அந்த எல்லை.

எதனால் சாகின்றன?

இரையாகிப் போவது. பெரும்பகுதி இதுதான். கூட்டைத் தின்ற அதே கூட்டத்தோடு பகலில் பருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன. தாய் ஒரு கூர்மையான எச்சரிக்கை ஒலி கொடுத்ததும் குஞ்சுகள் அங்கங்கே புல்லில் அப்படியே உறைந்துவிடும். புல் இருந்தால் தப்பிக்கும். மட்டமாக வெட்டிய புல்வெளியில் உறைந்து நின்று பயனில்லை.

குளிரும் மழையும். குஞ்சின் மேலிருப்பது இறகு இல்லை, தூவி. அது நனைந்தால் சூடு தங்காது. தாயின் இறக்கைக்குள் ஒரு குஞ்சு எத்தனை நேரம் இருக்கிறதோ அத்தனை நேரம் அது தின்னவில்லை. இரண்டு நாள் விடாமல் குளிர்ந்த மழை பெய்தால், நனைவதும் பட்டினியும் சேர்ந்து ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். மழையே இல்லாத வறட்சி ஆண்டும் நல்லதல்ல. புல் வளராது, பூச்சி குறையும்.

தீனி. வளர்ந்த வான்கோழி ஓக் மரக் கொட்டை, விதை, பழம், இளம்புல் என்று பெரும்பாலும் சைவம். குஞ்சு நேர்மாறு. முதல் வாரங்களில் அது தின்பதில் பெரும்பகுதி வெட்டுக்கிளி, வண்டு, புழு, சிலந்தி. இரண்டு வாரத்தில் பறக்கும் இறக்கை முளைக்க வேண்டுமென்றால் அத்தனை புரதம் தேவை. பண்ணையில் வான்கோழி வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பார்கள், கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம். தின்னவே தெரியாமல் சாகிற குஞ்சுகளுக்காக முதல் 15 நாள் தண்ணீரில் பால் கலந்து வைப்பதும், வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போடுவதும் தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்குச் சொல்லப்படும் முறை. கூண்டுக்குள், எதிரி இல்லாமல், விளக்குச் சூட்டிலேயே இந்தக் கதி என்றால் காட்டில் எப்படி என்று ஊகிக்கலாம்.

இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கட்டுகிறது நிலத்தின் அமைப்பு. தாய் தேடுவது ஒரு குறிப்பிட்ட உயரத்துப் புல்வெளியை. தான் தலைநீட்டிச் சுற்றிலும் பார்க்கும் அளவுக்குத் தாழ்வாக, குஞ்சு தலைக்குமேல் மூடியிருக்கும் அளவுக்கு உயரமாக, மனிதர் கணக்கில் முழங்கால் உயரம். அடியில் நெருக்கமாகவும் இருக்கக் கூடாது. ஃபெஸ்க்யூ போன்ற மேய்ச்சல் புல் தரையோடு தரையாகப் பின்னி மெத்தைபோல் வளரும். பார்ப்பதற்குப் பச்சைப்பசேல். உள்ளங்கை அளவுக் குஞ்சுக்கு அதற்குள் நடக்கவே வழி கிடையாது. அகன்ற இலைச் செடிகளும் கொத்துக் கொத்தாக வளரும் நாட்டுப் புற்களும், இடையிடையே வெற்றுத் தரையும் கலந்த இடம்தான் வேண்டும். பூச்சியும் அங்கேதான் அதிகம்.

நூறு பெட்டையை வைத்து ஒரு கணக்கு

சின்ன மாற்றம் எப்படிப் பெரிய இறக்கமாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். கீழே வருவது எடுத்துக்காட்டு மட்டுமே, எந்த மாநிலத்தின் புள்ளிவிவரமும் அல்ல.

வசந்தத்தில் 100 பெட்டைகள். ஆகஸ்டில் அவற்றில் 80 உயிரோடு இருக்கின்றன, அடுத்த வசந்தத்துக்கு 62 மிஞ்சும். ஆகஸ்டைப் பார்த்த குஞ்சுகளில் 60 சதவீதம் அடுத்த வசந்தம் வரை பிழைக்கும். இந்த இரண்டையும் மாற்றாமல் வைத்துக்கொள்வோம்.

1. நல்ல நிலை: மறுமுயற்சிகளையும் சேர்த்து 35 பெட்டைகள் பொரிக்கின்றன. ஆளுக்கு 10 என்றால் 350 குஞ்சு. 40 சதவீதம் ஆகஸ்ட் வரை தப்பினால் 140. அதில் பாதி பெட்டை, 70. வசந்தத்தில் மிஞ்சுவது 42. பழைய 62உடன் சேர்த்தால் 104. கூட்டம் நிலைத்து நிற்கிறது, கொஞ்சம் கூடுகிறது.

2. மோசமான நிலை: 35க்குப் பதில் 22 பெட்டைகள் பொரிக்கின்றன, 220 குஞ்சு. 40க்குப் பதில் 30 சதவீதம் தப்பினால் 66. பாதி பெட்டை, 33. வசந்தத்தில் 20. பழைய 62உடன் சேர்த்தால் 82.

இரண்டாவது நிலையில் வளர்ந்த பறவை ஒன்றுகூட அதிகமாகச் சாகவில்லை. அதே நிலை மூன்று ஆண்டு நீடித்தால் 100 பெட்டை 55 ஆகிவிடும். காட்டில் நடக்கிறவருக்கு எந்த அழிவும் கண்ணில் படாது. செத்துக் கிடக்கும் பறவை இல்லை, நோய் இல்லை, வெட்டுண்ட மரம் இல்லை. வர வேண்டிய குஞ்சு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்போது, ஏன் தென்கிழக்கு?

ஒரே குற்றவாளியைத் தேடுகிறவர்கள் நிறைய. கயோட்டி என்பார்கள், கோழிப்பண்ணை எரு என்பார்கள், நெருப்பெறும்பு என்பார்கள். ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் கனமானவை இவை:

1. நிலம் மூடிக்கொண்டது. தென்கிழக்கின் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் காலங்காலமாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரைத்தீயில் எரிந்தவை. மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ. அதனால் மரங்களுக்கடியில் புல்லும் செடியும் திறந்த வெளியும் இருந்தன. தீ அணைக்கப்பட்டதும், அந்த இடத்தில் நெருக்கமாக நட்ட பைன் தோட்டம் வந்ததும், தரையில் வெளிச்சம் விழுவது நின்றது. வெளிச்சம் இல்லாத தரையில் புல் இல்லை, பூச்சி இல்லை. என் பார்வையில் மற்ற எல்லாக் காரணங்களும் இதற்கு அடுத்தவைதான். நல்ல மறைவு இல்லாத இடத்தில்தான் ரக்கூனுக்கும் மழைக்கும் பலம் கூடுகிறது.

2. முட்டைத் திருடர்கள் பெருகினார்கள். 1980களின் கடைசியில் ரோமத்தோல் சந்தை விழுந்தது. அதுவரை ரக்கூனைப் பொறிவைத்துப் பிடித்தவர்கள் தொழிலை விட்டார்கள். குப்பைத்தொட்டியும், மான் வேட்டைக்காகக் கொட்டுகிற மக்காச்சோளமும் வேறு அவற்றுக்குத் தீனி போட்டன. பொறிவைத்து அகற்றினால் கூடுகள் தப்புமா என்றால், கூடு வைக்கும் பருவத்துக்குச் சற்று முன்பு தீவிரமாகச் செய்தால் அந்த ஆண்டுக்குப் பலன் தெரியலாம். அடுத்த ஆண்டுக்குள் அக்கம்பக்கத்து ரக்கூன் அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

3. புதுக் கூட்டத்தின் வேகம் அடங்கியது. காலியான காட்டில் விட்ட பறவைக்கு எல்லாமே தாராளம், பெட்டைக்கு இத்தனை குஞ்சு என்ற கணக்கும் உச்சத்தில் இருக்கும். இடம் நிறைந்ததும் அது குறைவது இயல்பு. ஆகவே 2000ஐ ஒட்டி இருந்த உச்சத்தையே சரியான அளவு என்று வைத்துக்கொண்டு இன்றைய இறக்கம் முழுவதையும் பேரழிவாகப் பார்ப்பது கொஞ்சம் மிகை. அதற்காக, எல்லாம் இயல்பான சரிவுதான் என்று கைகழுவவும் முடியாது. சில இடங்களில் சரிவு அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

4. நோய். கட்டிகளை உண்டாக்கும் ஒரு வைரஸ் 2009இல் முதன்முறையாக அமெரிக்கக் காட்டு வான்கோழிகளில் கண்டறியப்பட்டது. அதன்பிறகு தேடிய இடமெல்லாம் இருந்தது. தொற்று உள்ள பறவைகளில் பெரும்பாலானவை நோயுற்றதாகத் தெரிவதில்லை.

பாஸ்டன் புதிருக்கும் விடை முதல் அம்சத்திலிருந்தே தொடங்குகிறது. புறநகரில் தோட்டம், புல்தரை, சிறு தோப்பு, ஓக் மரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. துப்பாக்கி கிடையாது. பறவைக்கு ஆள் பயம் விட்டுப்போயிற்று. தெருவில் நிற்பதால் எல்லார் கண்ணிலும் படுகிறது. ஜார்ஜியாவின் பைன் தோட்டத்துக்குள் பொரிக்காமல் போன கூட்டை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

தீ வைத்தால் கூடு எரியாதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும், நியாயமான கேள்விதான். இப்போது வனத்துறைகள் திட்டமிட்டுத் தரைத்தீ வைக்கின்றன, சில நேரம் கூடு வைக்கும் பருவத்திலேயே. சில கூடுகள் எரியத்தான் செய்கின்றன. ஆனால் ஓர் ஆண்டில் எரிக்கப்படுவது மொத்த நிலத்தில் ஒரு பகுதி, அதில் கூடு இருக்கிற இடம் இன்னும் குறைவு. ஆய்வுகளில் தீயால் போன கூடுகள் சொற்பம், முட்டை தின்னும் விலங்குகளால் போனவை மிகப் பல. எரிந்த கூட்டின் பெட்டை மறுபடி முட்டையிடலாம். எரிக்காமல் விட்ட காட்டிலோ அடுத்த ஆண்டு குஞ்சு வளர இடமே இருக்காது.

அப்படியானால் வேட்டை விதியை ஏன் மாற்றுகிறார்கள்?

வசந்த வேட்டையில் சுடப்படுவது நெஞ்சில் தாடிபோல இறகுக்கொத்து தொங்குகிற பறவைகள், அதாவது ஏறக்குறைய முழுக்கச் சேவல்கள். குஞ்சு வளர்ப்பில் பங்கே இல்லாத சேவலைச் சுடுவதைக் குறைத்தால் குஞ்சு எப்படிக் கூடும்?

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லெயின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பறவை முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள். அவர்கள் தரப்பு வாதம் இது: பெட்டைகள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிற மூத்த சேவல்களை, இணைசேர்வதற்கு முன்பே பருவத் தொடக்கத்தில் சுட்டுவிட்டால் வரிசை குலைகிறது, பெட்டைகள் மறுபடி தேட வேண்டியிருக்கிறது, கூடு வைப்பது பிந்துகிறது. இதை ஏற்றுத்தான் சில மாநிலங்கள் வேட்டைத் தொடக்கத்தை ஒன்றிரண்டு வாரம் தள்ளின.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிய கவுண்டிகளையும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) தள்ளாதவற்றையும் ஒப்பிட்டபோது, கூடு வைப்பதிலோ பொரிப்பதிலோ குஞ்சு பிழைப்பதிலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. தேதியைத் தள்ளுவதால் சேவல் எண்ணிக்கை மிஞ்சலாம், அடுத்த ஆண்டு வேட்டைக்காரருக்கு அது நல்லது. குஞ்சு கூடும் என்று அதை விற்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை. அரசு அலுவலகத்திலிருந்து தேதியை மாற்றுவது ஒரு நாள் வேலை. தனியார் கையில் இருக்கிற நிலத்தில் புல் வளரவைப்பது அப்படியல்ல. விதி மாற்றங்களே செய்தியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் கணக்கெடுப்பைப் படிப்பது எப்படி

ஜூலை, ஆகஸ்டில் குஞ்சுகள் புல்லுக்கு மேல் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். வனத்துறை ஊழியர்களும் தன்னார்வலர்களும் பார்த்த பெட்டைகளையும் குஞ்சுகளையும் குறித்து அனுப்புவார்கள். குஞ்சு எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் செய்திகளில் அடிபடுகிற 'பெட்டைக்கு இத்தனை குஞ்சு' என்ற அளவு. சுமாராக 2 இருந்தால் கூட்டம் நிற்கும் என்பது நடைமுறை விதி. மேலே போட்ட கணக்கில் நல்ல நிலைக்கு 1.75, மோசமான நிலைக்கு 0.8 வரும்.

இந்த எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

1. குஞ்சில்லாத பெட்டையையும் எழுத வேண்டும். குஞ்சுக்கூட்டத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகக் குறிக்கிறவர், தனியாக நிற்கும் பெட்டையைக் குறிக்க மறந்துவிடுகிறார். அப்போது எண் உண்மையைவிட உயர்ந்து தெரியும். இரண்டு மூன்று பெட்டைகள் குஞ்சுகளோடு ஒன்றுசேர்ந்து திரிகிற பழக்கமும் எண்ணுகிறவரைக் குழப்பும்.

2. விளைவு இரண்டு ஆண்டு பிந்தித்தான் காதில் விழும். வசந்தத்தில் அதிகம் கூவி வேட்டைக்காரரிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு வயதுச் சேவல்கள். ஆகவே இந்த மார்ச்சில் காடு அமைதியாக இருந்தால், தேட வேண்டியது போன ஆண்டு வேட்டைக் கணக்கில் இல்லை, அதற்கும் முந்தைய ஜூன் மாதத்தில்.

இடையில் ஒரு தடயம் கிடைக்கும். போன ஜூனில் தப்பிய ஒரு வயதுச் சேவல்கள் இந்த வசந்தத்தில் கூட்டத்தோடு திரியும், வாலையும் விரித்துப் பார்க்கும். அவற்றின் விசிறியில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்திக்கொண்டு நிற்கும். வளர்ந்த சேவலின் விசிறி ஒரே சீராக வளைந்திருக்கும். துருத்திய வால்கள் எத்தனை கண்ணில் படுகின்றன என்று பார்த்தால், அடுத்த வசந்தம் எப்படி இருக்கும் என்பதை ஓராண்டு முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.